தாத்தா என்றால் யார்?

மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதிக்கு ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி’ என்று பெயர். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்துப் பிள்ளைகள் அதை மனனம் செய்தார்கள். ‘மா’ என்றால் மாமரம், மா என்றால் விலங்கு, மா என்றால் குதிரை, மா என்றால் ஒரு நில அளவு. கடையில் நாம் கேட்டு வாங்கும் கோதுமை மாவும் மாதான். ஆனால் நிகண்டு ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. இது பல பொருள் கொண்ட ஒரு சொல்லா, அல்லது வெவ்வேறு இடத்தில் பிறந்து ஒரே உச்சரிப்பில் வந்து நிற்கும் பல சொற்களா? அந்தக் கேள்வியை நம் வீடுகளில் நாளுக்குப் பத்துத் தரம் கேட்கும் ஒரு சின்னச் சொல்லிடம் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தச் சொல் ‘தாத்தா’.

மூன்று வாய், ஒரு சொல்

காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. ஊருக்கூர், வீட்டுக்கு வீடு அது ராத்தா ஆகும், லாத்தா ஆகும். ‘த’வை ஒருவர் தஸ்பீஹில் வருவது போலச் சொல்வார், இன்னொருவர் துஆவில் வருவது போலச் சொல்வார். ஆள் ஒன்றுதான். மட்டக்களப்புத் தமிழ் வீடுகளில் அவள் அக்கா. அங்கே தாத்தா என்ற சொல் புத்தகத்திலும் இந்தியத் தொலைக்காட்சியிலும் வரும்போது அது பாட்டனாரைக் குறிக்கிறது. பொலன்னறுவையிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ வரும் சிங்களப் பிள்ளை ‘தாத்தா’ என்று கூப்பிட்டால் அது தன் தகப்பனை. ஆஸ்பத்திரி வார்டில் இந்த மூன்று பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து ஒரே நேரத்தில் ‘தாத்தா’ என்று அழுதால், ஒரு கட்டிலுக்குத் தகப்பன் வருவார், ஒன்றுக்குப் பாட்டனார் வருவார், ஒன்றுக்கு அக்கா வருவாள்.

இது வெறும் வேடிக்கை அல்ல. ஒரு பிள்ளை, ‘எனது தாத்தா எனக்குத் தலை பின்னி விடுவா, அவ பத்தாம் வகுப்புப் படிக்கிறா’ என்று கட்டுரை எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஆசிரியருக்குப் பாட்டனார் பத்தாம் வகுப்புப் படிப்பது விளங்காது. சிவப்புப் பேனை ஓடும். அதே பிள்ளை உ.வே. சாமிநாதையரைப் பற்றிப் படிக்கும்போது அவரைத் ‘தமிழ்த் தாத்தா’ என்கிறோம். அந்த மனசில் தமிழுக்கு ஓர் அக்கா வந்து நிற்கிறாள். பிள்ளை இரண்டு தரம் திருத்தப்பட்டதும் மூன்றாம் தரம் அந்தச் சொல்லை எழுதாது. எழுத வெட்கப்படும் சொல்லைப் பேசவும் வெட்கம் வரும்.

இன்னொரு பக்கம், நம்மிடையே உள்ள ஆர்வலர்கள் இப்படிப்பட்ட ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நம் பூர்வீகத்தையே அளந்துவிடப் பார்க்கிறார்கள். ஆகவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை ஒள்ளுப்பம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தகப்பனும் பாட்டனும்

முதலில் எளிதான பகுதி. வடமொழியில் ‘தாத’ என்றால் தந்தை. அன்போடு விளிக்கும் சொல்லாகவும் அது வரும். மகாபாரதத்தில் பெரியவர்கள் இளையவர்களையும் ‘தாத’ என்று அழைக்கிறார்கள். பாளி ஜாதகக் கதைகளில் மகன் தகப்பனையும் தகப்பன் மகனையும் அதே சொல்லால் அழைக்கிறார்கள். சிங்களத் தாத்தா இந்த வழிக்கு உரியவர். தமிழ் இலக்கியத்தில் இதே சொல் ‘தாதை’ என்று தந்தையைக் குறிக்கிறது. கம்பனில் அது தாராளமாக வரும். தெலுங்கில் ‘தாத’ பாட்டனார். தமிழ்நாட்டுத் தாத்தாவும் பாட்டனார். தகப்பனுக்கு உரிய சொல் ஒரு தலைமுறை மேலே ஏறிப் பாட்டனுக்குப் போவது உலகத்தில் எங்கும் நடக்கிற காரியம். நம் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் ‘அப்பா’ என்றால் பாட்டனார்தானே. தகப்பனுக்கு வாப்பா வந்ததும் அப்பா ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்.

ஆக, சிங்களப் பிள்ளையின் தாத்தாவும் தமிழ்நாட்டுத் தாத்தாவும் தூரத்து உறவினர். நம் தாத்தாதான் தனியே நிற்கிறாள். பாட்டனைக் குறித்த சொல் ஒரு பெண் பிள்ளைக்கு, அதுவும் மூத்த மகளுக்கு, எப்படி வந்தது?

அரபியா?

நம்மவர் பலர் உடனே சொல்லும் பதில், ‘அது அரபிலிருந்து வந்திருக்கும்’ என்பது. அயலார் பேசாத, நாம் மட்டும் பேசுகிற சொல் என்றால் அரபுதான் என்று ஒரு நினைப்பு. ஆனால் அரபில் சகோதரி ‘உக்த்’. திருக்குர்ஆனின் அல்கஸஸ் அத்தியாயத்தில், குழந்தை மூஸாவைப் பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும்படி தாய் அனுப்புவது அவருடைய உக்தைத்தான். மிதந்து போகும் தம்பியைத் தூர நின்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்ட அந்தப் பெண் பிள்ளை செய்த வேலை, நம் வீட்டுத் தாத்தாமார் செய்கிற வேலைதான். ஆனால் பெயரில் சொல்லும்படி ஒற்றுமை இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உக்த் என்றால் சகோதரி, அவ்வளவுதான். மூத்தவளா இளையவளா என்பதை அந்தச் சொல் சொல்லாது. தேவையென்றால் ‘பெரிய’ என்று ஓர் அடைமொழி சேர்க்க வேண்டும். தமிழில் அப்படி முடியாது. அக்காவா தங்கச்சியா என்று தீர்மானிக்காமல் தமிழில் வாய் திறக்க இயலாது. நம் தாத்தா நிற்கும் இடம் அக்காவுக்கு உரிய அதே இடம். ஒலி எங்கிருந்து வந்தாலும், அது உட்கார்ந்திருக்கும் கதிரை தமிழ் உறவுமுறை போட்டுத் தந்த கதிரை.

குழந்தை செய்த சொற்கள்

மொழியியலாளர் ரோமன் யாக்கோப்சன் 1959இல் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். உறவே இல்லாத மொழிகளில் கூட அம்மா, மாமா, பாபா, பப்பா போன்ற சொற்கள் ஏன் ஒன்றுபோல் இருக்கின்றன? அவருக்கு ஆதாரமாக இருந்தது மானிடவியலாளர் ஜோர்ஜ் மேர்டொக் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 சொற்கள். அவற்றில் 531 தாயைக் குறிப்பவை, 541 தந்தையைக் குறிப்பவை. தாய்ச் சொற்களில் 55 சதவீதம் ம, ந போன்ற மூக்கொலிகளைக் கொண்டிருந்தன. தந்தைச் சொற்களில் 15 சதவீதம்தான். பால் குடிக்கும் குழந்தையின் வாய் மூடியிருக்கும்போது மூக்கு வழியே வரும் முனகல் ‘ம்’. அதைக் கேட்டு ஓடி வருபவள் தாய். உதட்டாலும் நுனி நாக்காலும் எழும் ப, ம, த, ந ஆகியவை குழந்தைக்கு முதலில் கைவருபவை. குழந்தை ஓர் அசையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும்: தா தா, பா பா, கா கா. அதற்குப் பொருள் தருவது குழந்தை அல்ல, பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள். ‘என்னைத்தான் கூப்பிடுது’ என்று யார் சந்தோஷப்படுகிறாரோ அவருக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்கிறது.

அதனால்தான் ஒலி ஒன்றாக இருக்க ஆள் மாறுகிறார். ஜோர்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் தகப்பன், ‘தேதா’ என்றால் தாய். நமக்கோ மாமா தாயின் சகோதரன். லத்தீனிலும் போலிஷிலும் ‘தாதா’ தகப்பன். துருக்கியில் ‘தெதே’ பாட்டனார், ‘தாதி’ பிள்ளை பார்க்கும் பெண். எகிப்தியப் பேச்சரபிலும் ‘தாதா’ பிள்ளை வளர்க்கும் ஆயாதான். ஹிந்தியில் தாதா தகப்பனின் தகப்பன். வங்காளத்தில் மூத்த சகோதரன். கிறிக்கெட் பார்க்கும் நம் பையன்கள் சௌரவ் கங்குலியைத் ‘தாதா’ என்பது அந்த வங்காள அண்ணனைத்தான்; தமிழ்ப் படத்தில் கத்தியோடு வரும் தாதாவை அல்ல. இவற்றில் சில ஒன்றுக்கொன்று சொந்தம். பல, எந்தச் சொந்தமும் இல்லாமல் அந்தந்த வீட்டுத் தொட்டிலில் தனித்தனியே பிறந்தவை.

நம் தாத்தாவும் தொட்டிலில் பிறந்தவள் என்பதற்கு நம் வீட்டிலேயே ஒரு தடயம் இருக்கிறது. வாப்பா, உம்மா, காக்கா, தாத்தா என்று மூத்தவர்களுக்குத்தான் நம்மிடம் தனிச் சொற்கள். இளையவர்களுக்கு வந்தால் தம்பி, தங்கச்சி என்று எல்லாத் தமிழரும் சொல்வதையே நாமும் சொல்கிறோம். ஏன்? பேசப் பழகும் பிள்ளை தனக்கு மூத்தவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. அது வாய் திறக்கும் நாளில் அதற்குத் தம்பியும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

ராத்தா, லாத்தா என்ற வடிவங்களும் இதே திசையைக் காட்டுகின்றன. சொல்லுக்கு முதலில் வரக்கூடிய எழுத்துகளை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. அதில் ர இல்லை, ல இல்லை. இராமன் என்றும் இலட்சம் என்றும் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்ப்பது அதனால்தான். ர, ல, த மூன்றும் நுனி நாக்கை வைத்துச் செய்யும் ஒலிகள். சின்னப் பிள்ளையின் வாயில் ஒன்றின் இடத்தில் மற்றது எளிதாக வந்துவிடும். ஏட்டில் பிறந்த சொல்லுக்கு இலக்கணம் காவல் நிற்கும். வீட்டில் பிறந்ததற்கு யார் காவல்?

சுவாஹிலி வைக்கும் பொறி

வளைகுடா நாடுகளில் கென்யா, தன்சானியாக்காரர்களோடு வேலை செய்தவர்கள் ஒன்றைக் கேட்டிருப்பார்கள். சுவாஹிலி மொழியில் ‘தாதா’ (துஆவில் வரும் த) என்றால் சகோதரி, ‘காகா’ என்றால் சகோதரன். நம் தாத்தாவும் காக்காவும் சோடியாகவே அங்கே நிற்கிறார்கள்! அங்கேயும் முஸ்லிம்கள், அங்கேயும் கடற்கரை, அங்கேயும் அரபு வணிகர். அப்படியானால் அந்தக் கப்பலில்தான் நம் சொற்களும் வந்திருக்குமா?

அவசரப்படக் கூடாது. அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் மபாரம் என்ற மொழியில் நாய்க்குப் பெயர் ‘டொக்’. ஆங்கிலத்திலும் டொக். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, ஆனால் உறவு கிடையாது. அந்த மொழியின் பழைய சொல் ஒன்று தேய்ந்து தேய்ந்து அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு சொல் ஒத்திருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

உண்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்கும் சுவாஹிலியே சாட்சி. அங்கே புத்தகத்துக்குப் பெயர் ‘கிதாபு’. நாமும் கிதாபு என்கிறோம். இரண்டும் அரபின் ‘கிதாப்’. ஓதப் போனவர் கையில் பொருளும் வந்தது, பெயரும் வந்தது. சுவாஹிலிக்காரர் அந்தக் ‘கி’யைத் தங்கள் மொழியின் முன்னொட்டாக நினைத்துக்கொண்டு, பன்மையில் ‘விதாபு’ என்று ஆக்கிவிட்டார்கள். நாம் கிதாபுகள் என்கிறோம். வந்த வழியும் தெரிகிறது, வந்த இடத்தில் சொல் குடியேறிய விதமும் தெரிகிறது. நாம் உடுக்கும் சாரனும் இப்படித்தான், மலாய் மொழியின் ‘சாருங்’; உடுப்போடு வந்த பெயர். கடன் சொல் என்றால் இப்படி ஒரு தடம் இருக்க வேண்டும். சுவாஹிலித் தாதாவுக்கும் நம் தாத்தாவுக்கும் இடையில் அப்படி ஒரு தடம் இல்லை. தாயும் தகப்பனும் அங்கே ‘மாமா’, ‘பாபா’. உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை.

கூட்டமாக வரும் சொற்கள்

ஒரு சொல்லை விட்டுவிட்டு ஒரு வீட்டையே எடுத்துப் பார்ப்போம். உம்மா, வாப்பா, காக்கா, தாத்தா ஆகிய நான்கு பேரும் ஒரே வீட்டில் எங்கே இருக்கிறார்கள்?

தூரம் போக வேண்டாம். கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் தாய் உம்மா. தகப்பன் உப்பா, பாப்பா, தெற்கே வாப்பா. மூத்த சகோதரன் இக்காக்கா, இக்கா. மூத்த சகோதரி இத்தாத்தா, தாத்தா, இத்தா. கன்னியாகுமரியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தால் காயல்பட்டினம், கீழக்கரை. அங்கே உம்மா, வாப்பா, காக்கா; சகோதரி ராத்தா அல்லது லாத்தா. அங்கிருந்து கடலைத் தாண்டினால் நாம்.

நான்கு சொல்லும் ஒன்றாக, ஒரே வீட்டு ஒழுங்கில், பக்கத்துப் பக்கத்துக் கரைகளில், நூற்றாண்டுக் கணக்காகத் தோணியும் திருமணமும் போய்வந்த வழியில் கிடைக்கின்றன. இது தற்செயல் அல்ல. தனியே நிற்கும் ஒரு சொல் சாட்சி சொல்லாது. ஒரு வீட்டுச் சொற்கள் கூட்டமாக வந்து நின்றால் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

வீட்டை விட்டுப் போகாத மகள்

இந்தக் கரைகளுக்கு இன்னொரு பொதுத்தன்மையும் உண்டு. கண்ணூர், தலைச்சேரிப் பக்கத்து மாப்பிள்ளைத் தறவாடுகளில் உரிமை தாய் வழி வந்தது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்கு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மட்டக்களப்பு வாவிக்கரையில் நம் வழக்கமும் அதுதான். வீடும் வளவும் சீதனமாக மகளுக்கு. குடி தாய் வழியே வரும். பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிக்கு ஒருவராகத் தெரிவு செய்த வழக்கமும் அதையொட்டியது. குடி முறை இங்கே தமிழருக்கும் பொதுவானது.

தந்தைவழி வீட்டில் மூத்த மகள் கலியாணம் முடிந்ததும் போய்விடுவாள். நம்மிடம் அவள் போவதில்லை. உம்மா அடுப்படியில் நிற்க, கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பது தாத்தா. குளிப்பாட்டுவது அவள், சோறு தீத்துவது அவள். மறுகா அவளுக்குக் கலியாணம் ஆனாலும் வீட்டில் ஒரு மச்சான் கூடுவார், தாத்தா குறையமாட்டாள். குழந்தையின் முதல் ‘தா தா’வுக்கு ‘என்ன கிளி?’ என்று ஓடி வரும் ஆள் அவள் என்றால், அந்தச் சொல் அவளுக்குப் போய்ச் சேர்வதில் வியப்பில்லை. எகிப்திலும் துருக்கியிலும் அதே ஒலி பிள்ளை பார்க்கும் பெண்ணிடம் போய்ச் சேர்ந்ததை மேலே பார்த்தோம். பாட்டனார் திண்ணையில் இருந்து பிள்ளையை ஏந்தும் வீட்டில் அது பாட்டனாருக்குப் போகும். அக்கா ஏந்தும் வீட்டில் அக்காவுக்கு. கரைக்குக் கரை அந்தச் சொல் நிலைத்ததற்கும் இந்த வீட்டு அமைப்பே காரணம் என்பது என் துணிபு.

சொல் தரும் சாட்சி எதற்கு?

1888இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். நம் பேச்சு மொழி, வழக்கங்கள் முதலியவற்றைக் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் முடிவு. சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் பேசப்பட்ட காலம் அது. அதனால் அது வெறும் ஏட்டுச் சர்ச்சையாக இருக்கவில்லை. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். மொழி ஒன்றாக இருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. அந்த வழக்கு இன்றும் நம் மேடைகளில் முடியவில்லை. ஒவ்வொரு தரப்பும் தனக்குப் பிடித்த சொல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது.

தாத்தாவை ஏற்றினால் இரு தரப்புக்கும் ஏமாற்றம்தான். அவள் அரபு பேசமாட்டாள். அக்கா என்றும் சொல்லமாட்டாள். அவள் உட்கார்ந்திருப்பது தமிழ்க் கதிரையில். அவள் பெயர் குழந்தை வாயில் பிறந்தது. அந்தப் பெயரைச் சொல்லும் வீடுகள் மலபாரிலிருந்து வாவிக்கரை வரை கடலோரமாக வரிசையாய் இருக்கின்றன. நம் உடம்பில் யாருடைய இரத்தம் ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. நம்மை யார் தூக்கி வளர்த்தார்கள், எந்தக் கரையோடு நாம் பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம் என்பது தெரியும். சொல்லிடம் கேட்கக் கூடியது அதைத்தான். அதற்கு மேல் கேட்டால் சொல் பொய் சொல்லத் தொடங்கும்; உண்மையில் பொய் சொல்வது நாம்.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை ‘எனது தாத்தா பத்தாம் வகுப்புப் படிக்கிறா’ என்று எழுதினால் அதைப் பிழை என்று வெட்ட வேண்டாம். அது பிழையான தமிழ் அல்ல, ஒரு வட்டார வழக்கு. பொதுப் பரீட்சையில் எழுதும்போது எல்லாரும் விளங்கிக்கொள்ள ‘அக்கா’ என்றோ ‘மூத்த சகோதரி’ என்றோ எழுதலாம் என்று சொல்லிக் கொடுங்கள். கூடவே, தமிழ்நாட்டில் தாத்தா யார், சிங்களத்தில் தாத்தா யார் என்று கரும்பலகையில் மூன்று படம் போட்டுக் காட்டுங்கள். பிள்ளை சிரிக்கும், ஆனால் மறக்காது. தன் சொல் மூன்றில் ஒன்று, மூன்றுக்கும் கீழே இல்லை என்பது விளங்கும்.

அடுத்ததாக அதே வகுப்பில் செய்ய இன்னும் வேலை இருக்கிறது. காக்கா நமக்கு அண்ணன், அயலாருக்குக் காகம், மராத்தியில் தகப்பனின் சகோதரன். உம்மா நமக்குத் தாய், சிங்களத்தில் முத்தம். அப்பா ஒரு வீட்டில் தகப்பன், இன்னொரு வீட்டில் பாட்டனார். ஓட்டமாவடியில் எது, ஏறாவூரில் எது, சம்மாந்துறையில் எது, எந்த வீட்டில் ராத்தா, எந்த வீட்டில் லாத்தா என்று பிள்ளைகளை அவரவர் மூத்தம்மாவிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இப்போது பல வீடுகளில் சின்னதுகள் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டன. சொல்லத் தெரிந்த மூத்தம்மாமார் இருக்கும்போதே அந்தக் கொப்பி நிரம்ப வேண்டும்.